போர்ட்டெய்னர் மதிப்பாய்வு: சொந்தச் சர்வருக்கும் கிளவுடுக்கும் ஒரே வலைக் கன்சோல்

ஒரு செயலியை முதல்முறை சர்வரில் ஏற்றி ஓடவைப்பதை ஏறக்குறைய எல்லா வலைக் கன்சோல்களும் எளிதாக்கித் தந்துவிடுகின்றன. படிவத்தில் சில கட்டங்களை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் பக்கம் திறந்துவிடுகிறது. அந்தச் செயலியின் புதிய பதிப்பு வரும்போதும், அது திடீரென நின்றுபோகும்போதும், அதை அமைத்தவர் விடுப்பில் இருக்கையில் வேறொருவர் அதில் கைவைக்க நேரும்போதும்தான் கன்சோலின் தரம் தெரியவருகிறது. போர்ட்டெய்னர் என்ற திறமூல மென்பொருளை அந்த அளவுகோலைக் கொண்டே இங்கு மதிப்பிடுகிறேன். அலுவலகத்துக்குள் இருக்கும் சொந்தச் சர்வர்களிலும், கிளவுடில் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் இயந்திரங்களிலும் இதைப் பயன்படுத்தி வருகிறேன். சிறிய, நடுத்தரக் குழுக்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. செயலியின் வரையறை கன்சோலுக்குள் எழுதப்படக் கூடாது. அது கிட் களஞ்சியத்தில் (கோப்பு மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் இடத்தில்) எழுதப்பட்டு, கன்சோல் வழியாகச் சர்வருக்குப் போக வேண்டும். இந்த ஒழுங்கைப் பின்பற்றுகிறவருக்குப் போர்ட்டெய்னர் பெரிய துணை; பின்பற்றாதவருக்கு, எதை யார் எப்போது மாற்றினார் என்று சொல்ல முடியாத சர்வர்களே மிஞ்சும்.

செயலியை அதற்கு வேண்டியவற்றோடு சேர்த்துக் கண்டெய்னர் என்ற தனிப் பொதியாக ஓட்டும் டாக்கருக்காக முன்பே இருந்த ஒரு எளிய திறமூல இடைமுகத்திலிருந்து கிளைத்து 2016-இல் தொடங்கிய திட்டம் இது. 2020-இல் வெளிவந்த 2.0 பதிப்பில் பல சர்வர்களில் கண்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் கூபர்நெட்டிஸுக்கு ஆதரவு சேர்ந்தது. தனித்த டாக்கர், பல சர்வர்களை ஒன்றாக்கும் டாக்கர் ஸ்வார்ம், கூபர்நெட்டிஸ், டாக்கருக்கு மாற்றான பாட்மேன் ஆகிய அனைத்தையும் இப்போது ஒரே இடைமுகத்திலிருந்து நிர்வகிக்கலாம். சமூகப் பதிப்பு இலவசம். வணிகப் பதிப்புக்கு, நிர்வகிக்கப்படும் நோடுகளின் (சர்வர்களின்) எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணம் உண்டு. இந்த மதிப்பாய்வு பெரும்பாலும் சமூகப் பதிப்பைப் பற்றியது. வணிகப் பதிப்பு தேவைப்படும் இடங்களை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

நிறுவும் வேலை குறைவு. போர்ட்டெய்னரே ஒரு கண்டெய்னராகத்தான் ஓடுகிறது. அதன் தரவுக்காக ஒரு வால்யூமை (கண்டெய்னர் நீங்கினாலும் நிலைக்கும் சேமிப்பிடத்தை) உருவாக்கி, டாக்கர் சாக்கெட்டை (டாக்கருக்குக் கட்டளையிடும் வாயிலை) போர்ட்டெய்னர் கண்டெய்னருடன் இணைத்து, 9443 போர்ட்டைத் திறந்து ஓடவிட்டால், உலாவியில் நிர்வாகிக் கணக்கை உருவாக்கும் பக்கம் வந்து நிற்கிறது. அந்தப் பக்கத்துக்கு ஐந்து நிமிடக் கெடு உண்டு. அதற்குள் கணக்கு உருவாக்கப்படாவிட்டால் கன்சோல் தன்னைப் பூட்டிக்கொள்கிறது, கண்டெய்னரை மறுதொடக்கம் செய்தால்தான் மீண்டும் திறக்கிறது. முதல்முறை பார்ப்பவருக்கு இது வீண் கெடுபிடியாகத் தோன்றலாம். பொது ஐ.பி. முகவரி கொண்ட கிளவுட் சர்வர் ஒன்றில், உரிமையாளர் வருவதற்கு முன் வேறு யாரோ வந்து நிர்வாகியாகிவிடக் கூடிய வாசலை அது அடைக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கெடு சரியான முடிவே. கடவுச்சொல் இயல்பாகக் குறைந்தது 12 எழுத்துகள் இருக்க வேண்டும் என்று கேட்பதும் அப்படியே. தொடக்கத்தில் கன்சோல் தானே கையொப்பமிட்ட சான்றிதழையே பயன்படுத்துவதால் உலாவி எச்சரிக்கை காட்டும்; அமைப்புகள் பக்கத்தில் சொந்தச் சான்றிதழை ஏற்றிவிட்டால் அது நின்றுவிடும்.

நிறுவும் வழிகாட்டியில் ஒரே வரியாகக் கடந்துபோகும் டாக்கர் சாக்கெட்டைப் பற்றி இங்கே சற்று நின்று பேச வேண்டும். அந்தச் சாக்கெட்டை அணுகக் கூடியவர், சர்வரின் எந்தக் கோப்புறையையும் ஒரு கண்டெய்னருக்குள் இணைத்துப் படிக்கவும் எழுதவும் முடியும் என்பதால், நடைமுறையில் அவருக்கு அந்தச் சர்வரின் ரூட் அதிகாரம், அதாவது முழு அதிகாரம், இருக்கிறது. ஆகவே போர்ட்டெய்னரின் நிர்வாகிக் கடவுச்சொல் என்பது அது நிர்வகிக்கும் எல்லாச் சர்வர்களின் ரூட் கடவுச்சொல்லுக்கும் சமம். இது போர்ட்டெய்னருக்கு மட்டும் உள்ள குறையன்று, டாக்கரின் அமைப்பே அப்படித்தான். என்றாலும் அழகான இடைமுகம் இந்த உண்மையை மறக்கச் செய்துவிடுகிறது. கன்சோலின் போர்ட்டை இணையம் முழுவதற்கும் திறந்துவைப்பதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க மாட்டேன். வி.பி.என். வழியாக மட்டுமோ, கிளவுட் ஃபயர்வாலில் குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டுமோ அது திறந்திருக்க வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் வரும் முகப்புப் பக்கம் இந்த மென்பொருளின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. இணைக்கப்பட்ட ஒவ்வொரு சூழலுக்கும் (ஒரு சர்வர், அல்லது கிளஸ்டர் என்ற சர்வர்த் தொகுதி) ஒரு வரி. அதில் எத்தனை ஸ்டாக்குகள் (ஒன்றாக நிறுவப்படும் கண்டெய்னர் குழுக்கள்), எத்தனை கண்டெய்னர்கள் ஓடுகின்றன, எத்தனை நின்றிருக்கின்றன, எத்தனை நலமாக இருக்கின்றன, எத்தனை நலம் குன்றியிருக்கின்றன, எவ்வளவு நினைவகம், எத்தனை வால்யூம், எத்தனை இமேஜ் (கண்டெய்னரை உருவாக்கும் மூலப் பொதி) என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிகிறது. கட்டளை வரியில் பழகியவருக்கு இவை எல்லாம் ஓரிரு கட்டளைகளில் கிடைப்பவைதான். ஆனால் ஒரு குழுவில் எல்லாரும் கட்டளை வரியில் பழகியவர்கள் அல்லர். சோதனைப் பொறியாளருக்கும், வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவருக்கும் சர்வரின் இன்றைய நிலையைத் தாமே பார்த்துக்கொள்ள இது வழி செய்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: முகப்பில் காட்டப்படுவது இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கப்படும் நிலைப்படம், அந்தந்த நொடியின் நிலையை அறிய அந்தச் சூழலுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

சொந்தச் சர்வர்களையும் கிளவுட் சர்வர்களையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குப் போர்ட்டெய்னரின் பயன் முழுமையாகத் தெரிவது சூழல்களை இணைக்கும் இடத்தில்தான். இணைக்க இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று, இலக்குச் சர்வரில் ஏஜென்ட் என்ற சிறு கண்டெய்னரை ஓடவிட்டு, அதன் 9001 போர்ட்டுக்குக் கன்சோல் சென்று பேசுவது. ஒரே வலையமைப்புக்குள் இருக்கும் சர்வர்களுக்கு இது போதும். இங்கே ஒரு பாதுகாப்புக் குறிப்பு: முதலில் வந்து பேசும் போர்ட்டெய்னரையே ஏஜென்ட் தன் எசமானாக ஏற்றுக்கொள்ளும், அதைத் தவிர்க்க, இருபுறமும் ஒரே இரகசியச் சொல்லைச் சூழல் மாறியாக (கண்டெய்னருக்கு வெளியிலிருந்து தரும் மதிப்பாக) கொடுத்துவிட வேண்டும். இரண்டாவது வழி எட்ஜ் ஏஜென்ட். இதில் கன்சோல் சர்வரைத் தேடிப் போவதில்லை. சர்வரில் இருக்கும் ஏஜென்ட்தான் இயல்பாக ஐந்து நொடிக்கு ஒருமுறை கன்சோலை அணுகி, ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்கிறது. நேரடி அணுகல் தேவைப்படும்போது மட்டும் 8000 போர்ட் வழியாக ஒரு சுரங்கத் தடம் அமைகிறது.

அலுவலகத்தின் உள் வலையமைப்பில், வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாத ஃபயர்வாலுக்குப் பின்னால் ஒரு சர்வர் இருக்கிறது, கன்சோலோ கிளவுடில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் இதற்கு ஃபயர்வாலில் ஓட்டை போட அனுமதி கேட்டு வலையமைப்புக் குழுவிடம் காத்திருக்க வேண்டும். எட்ஜ் ஏஜென்ட் வெளிச்செல்லும் இணைப்பை மட்டுமே பயன்படுத்துவதால், உள்ளே வரும் போர்ட் எதையும் அந்தச் சர்வரில் திறக்க வேண்டியதில்லை. கன்சோலின் 9443, 8000 ஆகிய போர்ட்டுகளை அந்தச் சர்வர் எட்ட முடிந்தால் போதும். சொந்தச் சர்வரையும் கிளவுட் சர்வரையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிகளாகப் பார்ப்பதும், இரண்டிலும் ஒரே முறையில் செயலியை நிறுவுவதும் இந்த ஏற்பாட்டால்தான் கைகூடுகிறது. இந்த விலைக்கு, அதாவது விலையே இல்லாமல், இவ்வளவு செம்மையாக இதைச் செய்யும் வேறொரு கருவியை நான் பார்க்கவில்லை.

இனிச் செயலியை நிறுவும் வேலைக்கு வருவோம். போர்ட்டெய்னரில் இதற்குப் பல வாசல்கள் இருக்கின்றன. கண்டெய்னர் படிவத்தில் இமேஜின் பெயர், போர்ட், வால்யூம், மறுதொடக்கக் கொள்கை ஆகியவற்றை நிரப்பித் தனிக் கண்டெய்னர் ஒன்றை ஓடவிடலாம். ஸ்டாக் பக்கத்தில் கம்போஸ் கோப்பை (ஸ்டாக்கின் வரையறையை) உலாவியிலேயே எழுதலாம், கணினியிலிருந்து ஏற்றலாம், அல்லது கிட் களஞ்சியத்தின் முகவரியையும் கிளையையும் கோப்பின் பாதையையும் கொடுத்து அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். இவை சமமான தெரிவுகள் போல ஒரே வரிசையில் பொத்தான்களாக நிற்கின்றன. ஆனால் பின்விளைவில் இவை சமமானவை அல்ல, இடைமுகம் அந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை என்பதே என் முதல் குறை.

படிவம் வழியாக ஓடவிட்ட கண்டெய்னருக்கு எழுதப்பட்ட வரையறை எதுவும் எங்கும் இல்லை. அந்தச் சர்வர் பழுதானால், எந்தெந்தக் கட்டத்தில் என்ன நிரப்பினோம் என்பதை நினைவிலிருந்தே மீட்க வேண்டும். இதைவிட ஆபத்தானது கண்டெய்னர் பக்கத்தில் இருக்கும் நகலெடுத்துத் திருத்தும் பொத்தான். ஒரு சூழல் மாறியை அவசரமாக மாற்ற வேண்டியிருக்கும்போது அதை அழுத்தத் தோன்றும். உண்மையில் அது ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னரைத் திருத்துவதில்லை. பழையதை நீக்கிவிட்டு, புதிய அமைப்புகளுடன் இன்னொன்றை அதே பெயரில் உருவாக்குகிறது. கண்டெய்னருக்குள் வால்யூமுக்கு வெளியே எழுதப்பட்டிருந்த கோப்புகள் போய்விடும். மேலும், அந்தக் கண்டெய்னர் ஒரு ஸ்டாக்கைச் சேர்ந்ததாக இருந்தால், ஸ்டாக்கின் கோப்பில் பழைய மதிப்பும் சர்வரில் புதிய மதிப்புமாக இரண்டும் பிரிந்துவிடுகின்றன. அடுத்தமுறை யாரேனும் ஸ்டாக்கைப் புதுப்பிக்கும்போது அவசரத் திருத்தம் சுவடில்லாமல் அழிகிறது. இந்தப் பொத்தானை ஸ்டாக்கில் அடங்கிய கண்டெய்னர்களுக்கு மறைத்துவைத்தாலோ, குறைந்தது அழுத்தமான எச்சரிக்கை ஒன்றைக் காட்டினாலோ எவ்வளவோ குழப்பம் தவிரும்.

கிட் வழியாக நிறுவிய ஸ்டாக்கில் நிலைமையே வேறு. அதன் உள்ளடக்கத்தை உலாவித் தொகுப்பானில் திருத்த வேண்டுமானால், முதலில் ஸ்டாக்கைக் கிட்டிலிருந்து துண்டிக்க வேண்டும். அப்படித் துண்டிப்பது வெளிப்படையான, யோசித்துச் செய்ய வேண்டிய செயலாக வடிவமைக்கப்பட்டிருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன். புதுப்பித்தலுக்கும் இரண்டு முறைகள் இருக்கின்றன. குறித்த இடைவெளியில் (இயல்பாக ஐந்து நிமிடம்) களஞ்சியத்தைப் பார்த்து, மாற்றம் இருந்தால் கன்சோலே மறுபடி நிறுவும்படி வைக்கலாம். அல்லது ஒரு வெப்ஹூக் முகவரியை (அழைத்தால் மறுநிறுவலைத் தொடங்கும் இணைய முகவரியை) பெற்று, நிரலைத் தானாகச் சோதித்துக் கட்டும் பைப்லைனின் கடைசிப் படியில் அதை அழைக்கலாம். சோதனைகள் தேறிய பிறகே புதிய பதிப்பு சர்வருக்குப் போக வேண்டும் என்று விரும்புவோருக்கு இரண்டாவது முறைதான் பொருத்தம். அந்த முகவரியை அறிந்த எவரும் மறுநிறுவலைத் தூண்ட முடியும் என்பதால், அதையும் கடவுச்சொல் போலவே இரகசியமாக வைத்திருக்க வேண்டும்.

இங்கே பலர் தடுமாறும் ஓரிடம் உண்டு. கம்போஸ் கோப்பில் இமேஜின் பெயரோடு லேட்டஸ்ட் என்ற குறிச்சொல்லை எழுதி வைத்தால், செயலியின் புதிய இமேஜ் ரெஜிஸ்ட்ரிக்கு (இமேஜ்களைச் சேமிக்கும் இடத்துக்கு) வந்த பிறகும் களஞ்சியத்தில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. மாற்றம் இல்லாததால் கன்சோல் எதையும் செய்யாமல் இருப்பது முறையே. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனிப் பதிப்பு எண்ணைக் குறிச்சொல்லாக இட்டு, அந்த எண்ணைக் கோப்பில் மாற்றிக் கிட்டில் சேர்ப்பதே சரியான வழி. அப்படிச் செய்தால் பின்வாங்குவதும் எளிதாகிறது: முந்தைய எண்ணுக்குத் திரும்பும் ஒரு மாற்றத்தைச் சேர்த்தால் போதும், எந்த நாளில் எந்தப் பதிப்பு ஓடியது என்பதற்குக் கிட் வரலாறே சாட்சியாகிவிடுகிறது. கன்சோலில் கைவைக்காமலேயே இதைச் செய்ய முடிகிறது என்பதுதான் இதன் சிறப்பு.

கிட் ஸ்டாக்கில் உண்மையிலேயே தொல்லை தரும் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்போஸ் கோப்புக்கு அருகிலேயே, அதே களஞ்சியத்தில், வலைச் சர்வரின் அமைப்புக் கோப்பு போன்ற ஒன்றை வைத்து, சார்புப் பாதையால் அதைக் கண்டெய்னருக்குள் இணைப்பது பரவலான பழக்கம். போர்ட்டெய்னரோ களஞ்சியத்தைத் தன் வால்யூமுக்குள் இறக்கிக்கொள்கிறது. டாக்கரோ பாதையைச் சர்வரின் கோப்பமைப்பில் தேடுகிறது. அங்கே அப்படி ஒரு கோப்பு இல்லாததால், அந்தப் பெயரில் வெற்றுக் கோப்புறை ஒன்று உருவாகி, செயலி புரியாத பிழையோடு நிற்கிறது. இதற்கான தீர்வு வணிகப் பதிப்பில் இருக்கிறது. சமூகப் பதிப்பில் இருப்போர் அமைப்புக் கோப்பை இமேஜுக்குள்ளேயே வைத்துக் கட்டிவிடுவது நல்லது. கட்டளை வரியில் சரியாக ஓடிய கோப்பு கன்சோலில் ஓடாமல் போவதற்கு இதுவே முதல் காரணமாக இருக்கும். இதை எச்சரிக்கையாகவேனும் இடைமுகம் சொல்ல வேண்டும்.

சூழல் மாறிகளுக்கென ஸ்டாக் பக்கத்தில் தனிப் பகுதி இருப்பது வசதி. தரவுத்தளக் கடவுச்சொல் போன்றவற்றைக் கிட்டில் வைக்காமல் இங்கே நிரப்பிவிட்டு, கோப்பில் மாறியின் பெயரை மட்டும் எழுதலாம். ஆனால் அந்தக் கண்டெய்னரைப் பார்க்க அனுமதி உள்ள ஒவ்வொருவருக்கும் அதன் விவரப் பக்கத்தில் இந்த மதிப்புகள் திறந்த எழுத்தாகவே தெரியும். இரகசியங்களைத் தனியாகக் காக்க ஸ்வார்மில் உள்ள சீக்ரெட் வசதியைப் பயன்படுத்துவது இதைவிட மேல். கூபர்நெட்டிஸில் சீக்ரெட் என்று பெயர் இருந்தாலும் அது எவரும் திருப்பிப் படிக்கக் கூடிய பேஸ்64 குறியாக்கமே தவிர மறையாக்கம் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

புதுப்பிக்கும் கணத்தில் செயலி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது கன்சோலைவிட அதன் கீழே இருக்கும் இயந்திரத்தைப் பொறுத்தது. தனித்த டாக்கரில் பழைய கண்டெய்னர் நின்ற பிறகே புதியது எழும்; செயலி எழ எடுத்துக்கொள்ளும் நேரம் வரை பயனர்களுக்குப் பிழைப் பக்கம்தான். ஸ்வார்மில் புதியதை முதலில் எழுப்பிய பின் பழையதை நிறுத்தும் வரிசையைக் கோப்பில் குறிப்பிடலாம்; கூபர்நெட்டிஸ் டிப்ளாய்மென்டில் படிப்படியாக மாற்றுவதே இயல்பு. நலச் சோதனை எழுதப்படாவிட்டால் இந்த இரண்டு ஏற்பாடுகளுமே பாதிப் பயன்தான் தரும், ஏனெனில் புதிய கண்டெய்னர் எழுந்துவிட்டதா, உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை வேறு எப்படியும் அவற்றால் அறிய முடியாது. தனித்த டாக்கரைப் பொறுத்தவரை இன்னொரு நுணுக்கமும் உண்டு: நலம் குன்றியது என்று கன்சோல் சிவப்பில் காட்டினாலும், டாக்கர் அந்தக் கண்டெய்னரைத் தானாக மறுதொடக்கம் செய்யாது. மறுதொடக்கக் கொள்கை, செயல்முறை முடிந்து வெளியேறும்போது மட்டுமே வேலை செய்கிறது. தொங்கிப்போன செயலி தொங்கியபடியே இருக்கும். கன்சோலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரோ, தனியாக அமைத்த கண்காணிப்பு அமைப்போதான் அதை எழுப்ப வேண்டும்.

அன்றாட வேலைகளில் போர்ட்டெய்னர் மிகவும் கைகொடுக்கிறது. பதிவுகளைத் தேடலாம், நகலெடுக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், நேரலையாகப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கண்டெய்னருக்குள் ஷெல் ஒன்றை உலாவியிலேயே திறக்க முடிவதால், சர்வருக்குள் நுழைவதற்கான எஸ்.எஸ்.எச். சாவியை ஒவ்வொருவருக்கும் பங்கிட வேண்டியதில்லை. நினைவகம், சி.பி.யு., வலையமைப்பு ஆகியவற்றின் வரைபடங்கள் கண்முன் ஓடுகின்றன. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்த நொடியிலிருந்துதான் அவை தொடங்குகின்றன. நேற்று மாலை நினைவகம் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு இங்கே விடை இல்லை. அதற்கு ப்ரொமீதியஸ், கிராஃபானா போன்ற கண்காணிப்புக் கருவிகளைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். கன்சோல் ஒன்றிடம் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது நியாயமன்று என்பதால் இதைக் குறையாகக் கணக்கில் எடுக்கவில்லை.

வட்டு நிரம்புவதைப் பற்றிக் கன்சோல் இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம். டாக்கரின் இயல்பான பதிவு முறையில் கோப்பின் அளவுக்கு வரம்பே இல்லை. அதிகம் பேசும் செயலி ஒன்று சர்வரின் வட்டு முழுவதையும் பதிவுகளாலேயே நிரப்பிவிடக் கூடும். அளவு வரம்பையும் சுழற்சி எண்ணிக்கையையும் கம்போஸ் கோப்பிலோ டாக்கரின் அமைப்பிலோ தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். பின்னர் எழுதினால் புதிதாக உருவாகும் கண்டெய்னர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ஒவ்வொரு வெளியீட்டிலும் பழைய இமேஜ்கள் தங்கிப்போவது இன்னொரு காரணம். இமேஜ் பட்டியலில் பயன்படாதவற்றை அடையாளமிட்டுக் காட்டுவது நல்ல உதவி. அவற்றை அவ்வப்போது நீக்குவது நிர்வாகியின் பொறுப்பாகவே இருக்கிறது.

போர்ட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கன்சோலில் ஒரு போர்ட்டை வெளியிடுவது ஓர் எண்ணைத் தட்டுவது போல் எளிது. லினக்ஸில் டாக்கர் தன் வலையமைப்பு விதிகளை நேரடியாக எழுதுவதால், சர்வரில் யூ.எஃப்.டபிள்யூ. ஃபயர்வால் அடைத்து வைத்திருப்பதாக நாம் நம்பும் போர்ட்டும் வெளியே திறந்துவிடும். கிளவுட் நிறுவனத்தின் ஃபயர்வால் சர்வருக்கு வெளியே நிற்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. சொந்தச் சர்வரில்தான் கவனம் வேண்டும். தரவுத்தளத்தின் போர்ட்டை வெளியிடவே தேவையில்லை, அதே ஸ்டாக்கில் இருக்கும் செயலி உள் வலையமைப்பு வழியாக அதன் பெயரைச் சொல்லியே எட்டிவிடும். சர்வருக்குள்ளிருந்து மட்டும் எட்ட வேண்டுமானால் 127.0.0.1 என்ற முகவரியோடு சேர்த்து வெளியிடலாம்.

கூபர்நெட்டிஸ் பகுதி, அதைப் புதிதாகக் கற்பவருக்கு நல்ல வாசல். இமேஜ், நகல்களின் எண்ணிக்கை, நினைவக வரம்பு, எப்படி வெளியிடுவது என்று படிவம் கேட்டுக்கொண்டே போகிறது. ஹெல்ம் சார்ட்டுகளையும் (கூபர்நெட்டிஸுக்கான ஆயத்தப் பொதிகளையும்) நிறுவலாம். லோடு பேலன்சர் வகையைத் தேர்ந்தெடுத்தால் கிளவுடில் வெளி முகவரி தானாகக் கிடைத்துவிடும். சொந்தச் சர்வர்களில் அந்த வேலையைச் செய்யும் மெட்டல்எல்பி போன்ற ஒன்று நிறுவப்பட்டிருந்தாலொழிய முகவரி கிடைக்காமல் காத்துக்கொண்டே இருக்கும். நோட்போர்ட் வகையில் 30000 முதல் 32767 வரையிலான எண்களே இயல்பாகக் கிடைக்கும். இந்த வேறுபாட்டைப் படிவம் விளக்கினால், ஒரே செயலி கிளவுடில் திறந்து அலுவலகத்தில் திறக்காமல் இருப்பது ஏன் என்று புதியவர்கள் திகைக்க வேண்டியிராது.

அணுகல் கட்டுப்பாட்டில்தான் சமூகப் பதிப்பின் எல்லை மிகத் தெளிவாகத் தெரிகிறது. பயனர்கள், அணிகள், ஒவ்வொரு ஸ்டாக்கும் யாருக்குத் தெரிய வேண்டும் என்ற வரையறை, எல்டாப் அல்லது ஓஆத் (நிறுவனத்தின் பொதுக் கணக்கைக் கொண்டு உள்நுழையும் முறைகள்) வழியாக நுழைவு ஆகியவை அதிலேயே உண்டு. நிர்வாகி அல்லாதவர்கள் சர்வரின் கோப்புறைகளைக் கண்டெய்னருக்குள் இணைப்பதையும், தனி அதிகாரம் கொண்ட கண்டெய்னர்களை ஓடவிடுவதையும் ஒவ்வொரு சூழலிலும் தடை செய்யலாம். சாக்கெட்டைப் பற்றி மேலே சொன்னதைப் படித்தவர்கள் இந்தத் தடைகளை உடனே போட்டுவிடுவார்கள் என்று நம்புகிறேன். ஆனால் பார்க்க மட்டும் அனுமதி, உதவி மையத்துக்கு மட்டுமான அனுமதி, இயக்குபவருக்கு (ஆபரேட்டருக்கு) மட்டுமான அனுமதி என்ற பாத்திரங்களும், யார் என்ன செய்தார் என்ற நடவடிக்கைப் பதிவும் வணிகப் பதிப்பில்தான் கிடைக்கின்றன. எல்லாரும் பார்க்கலாம், சிலர் மட்டுமே மாற்றலாம் என்பது ஒரு குழுவின் ஆடம்பரத் தேவையல்ல, அடிப்படைத் தேவை. பார்க்க மட்டுமான பாத்திரத்தையாவது இலவசப் பதிப்பில் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, மாற்றங்கள் கிட் வழியாக மட்டுமே வர வேண்டும் என்ற ஒழுங்கே அந்தக் குறையை ஈடுசெய்கிறது: யார் மாற்றினார் என்பதைக் கிட் சொல்லிவிடும்.

கன்சோல் நின்றுபோனால் செயலிகள் நின்றுவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். நிற்காது. செயலிகளை ஓட்டுவது டாக்கரும் கூபர்நெட்டிஸும்தான். இதனால் போர்ட்டெய்னரை மேம்படுத்துவதும் அச்சமில்லாத வேலையாகிறது: பழைய கண்டெய்னரை நீக்கி, அதே வால்யூமோடு புதிய பதிப்பை ஓடவிட்டால், அதன் தரவுத்தளம் தொடக்கத்திலேயே புதிய அமைப்புக்கு மாற்றப்படுகிறது. அதற்கு முன் அமைப்புகள் பக்கத்திலிருந்து ஒரு காப்பு நகலை, கடவுச்சொல் இட்டு, இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும். அந்த நகலில் கன்சோலின் சொந்தத் தரவு மட்டுமே இருக்கும். செயலிகளின் வால்யூம்களும் தரவுத்தளங்களும் அதில் இல்லை; அவற்றுக்குத் தனிக் காப்பு ஏற்பாடு வேண்டும் என்பதைப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதிவைத்தால் நன்றாக இருக்கும்.

மாற்றுக் கருவிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கண்டெய்னரே இல்லாமல், ஒரே லினக்ஸ் சர்வரில், லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியின் கீழ்ச் சேவையாக ஓடும் செயலிக்கு, 9090 போர்ட்டில் திறக்கும் காக்பிட் போதுமானது, இலகுவானது. பல கூபர்நெட்டிஸ் கிளஸ்டர்களை மட்டுமே வைத்திருக்கும் பெரிய அணிக்கு ரேஞ்சர் பொருத்தமாக இருக்கும். கிளஸ்டரை உருவாக்குவது முதல் மேம்படுத்துவது வரை அது பார்த்துக்கொள்கிறது. மூல நிரலைக் கொடுத்தால் இமேஜைக் கட்டுவது உட்பட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எதிர்பார்ப்போருக்கு ஓப்பன்ஷிஃப்ட் இருக்கிறது, அதற்குரிய செலவோடும் எடையோடும். சொந்தச் சர்வர் எதுவுமே இல்லை, எல்லாம் ஒரே கிளவுட் நிறுவனத்தில்தான் என்றால், கூகுளின் கிளவுட் ரன் போன்ற சேவையின் கன்சோலே எளிது. சர்வர் என்ற ஒன்றை நிர்வகிக்கும் வேலையே அங்கு இல்லை. ஆனால் நாளை அந்தச் செயலியின் ஒரு பகுதி தரவுப் பாதுகாப்பு விதிகளால் சொந்தச் சர்வருக்கு வர வேண்டியிருந்தால், அந்தக் கன்சோல் துணைக்கு வராது. இரண்டு இடத்திலும் கால் வைத்திருக்கும் குழுவுக்குத்தான் போர்ட்டெய்னர் பொருந்துகிறது.

தொடங்க நினைப்போர், 2024 முதல் வெளியிடப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே தேர்ந்தெடுப்பது நல்லது; குறுங்காலப் பதிப்புகளில் புதுமைகள் முதலில் வந்தாலும், சர்வர்களை நிர்வகிக்கும் கருவியில் நிலைத்தன்மைக்கே முதலிடம். கன்சோலின் பதிப்பும் ஏஜென்ட்டுகளின் பதிப்பும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளவும். ஏற்கெனவே கட்டளை வரியில் ஓடவிட்டிருக்கும் கம்போஸ் ஸ்டாக்குகள் பட்டியலில் வரையறுக்கப்பட்ட கட்டுப்பாட்டோடு மட்டுமே தெரியும், அவற்றின் கோப்பைக் கன்சோல் அறியாது; ஆகவே அவற்றின் கம்போஸ் கோப்புகளைக் கிட்டில் சேர்த்து, முக்கியத்துவம் குறைந்த ஒன்றிலிருந்து தொடங்கி, பழையதை நிறுத்தியபின் அதே வால்யூம்களை வெளி வால்யூம்களாக (ஏற்கெனவே இருப்பவையாக) குறிப்பிட்டு, ஒவ்வொன்றாகக் கன்சோல் வழியே மறுபடி நிறுவுவதுதான் மாறுவதற்கான பாதுகாப்பான வழி.